எயார் எடுத்தும் இறுகாத பிரேக்: வாசகர் கேள்வி பதில்

பங்குனி பிறந்தால் திருகோணமலைக் கரையோரத்தில் மழைக்கு மூடிவைத்த வண்டிகள் எல்லாம் வெளியே வரத் தொடங்கும். வாடைக்காற்று ஓய்ந்து, கடல் அடங்கி, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ஆட்கள் வருகிற நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏடிவி என்று நாம் சொல்லும் நான்கு சில்லு பைக்குகளின் பிரேக் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுவதும் அதுதான். எயார் எடுப்பது என்று வரும் இடமெல்லாம், பிரேக் ஒயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுப்பதைத்தான் சொல்கிறோம். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் பாவித்த ஏடிவி இரண்டு இருக்கின்றன. கார்த்திகையில் கொட்டிலில் ஏற்றிவைத்து இப்போதுதான் எடுத்தேன். ஒன்றில் முன்பிரேக் லீவர் கைப்பிடியில் முட்டும் வரை வருகிறது. இரண்டு கராஜில் மூன்று தரம் எயார் எடுத்தாயிற்று, ஒயில் போத்தல் காலி, இன்னும் பஞ்சு மாதிரித்தான் இருக்கிறது. லீவரடியில் இருந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: மாற்றலாம் தம்பி, ஆனால் இன்றைக்கே வேண்டாம். முதலில் அந்த வண்டியின் சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பின்பிரேக் பிடிக்கிறதுதானே, மணலில்தானே ஓடப்போகிறது என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மணலை விட்டு வீதிக்கு ஏறுகிற இடத்தில் மாடு நிற்கும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நிற்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குத்தான் சாயும், அந்த நேரத்தில் வண்டியை நிறுத்துகிற பெரும் வேலை முன்பிரேக்குடையது.

சரி, இனி வண்டிக்கு வருவோம். சமதரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை ஒரு தரம் பிடித்து விடுங்கள், பிறகு உடனேயே நாலைந்து தரம் அடுத்தடுத்துப் பிடித்துப் பாருங்கள். அடிக்க அடிக்க லீவர் மேலே வந்து, ஆனாலும் ஸ்பிரிங்கை அமுக்குவது போலத் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. முதல் தரம் ஆழமாகப் போய் இரண்டாம் தரமே கல்லு மாதிரி இறுகி, கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து பிடித்தால் மறுபடியும் முதல் தரம் ஆழமாகப் போகிறது என்றால் காற்றைத் தேட வேண்டாம், சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெயரிங் தேய்ந்தோ டிஸ்க் வளைந்தோ இருந்தால் ஓடும்போது டிஸ்க் அங்கும் இங்கும் ஆடி, அதைக் கவ்வும் பேட்களையும் பேட்களைத் தள்ளும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் முதல் பிடி வீணாகிறது. உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டிகளுக்குப் பெயரிங் சீக்கிரம் போகும். மூன்றாவது ஒன்று இருக்கிறது: லீவரை அழுத்திப் பிடித்தபடி நிற்க, எங்கேயும் ஒயில் கசியாமலே லீவர் மெல்ல மெல்லக் கீழே இறங்குவது. அது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர் கப் தேய்ந்ததன் அடையாளம். இந்த மூன்றாவது என்றால் மட்டும் உங்கள் கராஜ்காரர் சொன்னதைக் கேளுங்கள், அப்போதும் முழு சிலிண்டர் வாங்க முதல் ரிப்பெயார் கிட் கிடைக்கிறதா, சிலிண்டரின் உட்சுவர் கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது முதலாவது வகை. மூன்று தரம் எயார் எடுத்தும் போகவில்லை என்றால், ஒன்று காற்று வெளியே வர முடியாத இடத்தில் இருக்கிறது, இல்லையென்றால் எடுக்க எடுக்க வேறு வழியால் உள்ளே போகிறது. பூட்டிய பிரேக்குக்குள் காற்று தானாக வந்துவிடாது. நாலு மாதம் சும்மா நின்ற வண்டியில் காற்று இருக்கிறது என்றால் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் இன்னும் பத்துப் போத்தல் ஊற்றினாலும் பயனில்லை. ஹாண்டிலில் உள்ள ஒயில் தாங்கியில் அளவு எவ்வளவு இறங்கியிருந்தது, பேட்களும் பிஸ்டனும் இருக்கும் கலிப்பரில் பிஸ்டனைச் சுற்றி ஈரம் இருக்கிறதா, லீவரின் அடிப்பக்கத்து இறப்பர் உறையைத் தூக்கினால் உள்ளே நனைந்திருக்கிறதா, ஹோஸைப் பூட்டும் துளை போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் புதிதாகப் போட்டார்களா, பழையதையே திரும்பப் போட்டார்களா? இந்த நாலையும் ரோச் வெளிச்சத்தில் பார்த்து முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. முன்னால் இரண்டு கலிப்பர் இருக்கிறதல்லவா, அவற்றை யாராவது கழற்றிப் பூட்டியிருந்தால் இடம் வலம் மாறியிருக்கலாம். பல வண்டிகளில் மாற்றிப் போட்டாலும் அளவாகப் பொருந்தும், ஆனால் எயார் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும். காற்று எப்போதும் மேலே நிற்கும், கீழே உள்ள துவாரத்தால் ஒயில்தான் வரும். வருடம் முழுக்க எயார் எடுத்தாலும் அந்தக் குமிழி அங்கேயே இருக்கும். நிப்பிள் கலிப்பரின் ஆக உயர்ந்த இடத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டு கராஜ் தோற்ற வேலை என்றபடியால் இதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

இனி எயார் எடுக்கும் முறை. தாங்கியின் வாய் மட்டமாக நிற்கும்படி ஹாண்டிலைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்றுவிடும், ஆகவே சுற்றிலும் ஈரத் துணி போட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வையுங்கள், சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஊற்றிக் கழுவலாம். மூடியின் ஸ்குரூக்கள் மென்மையானவை, உப்புப் பிடித்து இறுகியிருக்கும், வாய்க்கு அளவான ஸ்குரூட்ரைவரை வைத்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். பழைய கறுத்த ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். நிப்பிளில் வளைய ஸ்பானரை (பெரும்பாலும் 8 மில்லிமீற்றர்) முதலில் போட்டு, அதன் மேல் கண்ணாடி போலத் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனை கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். சேலைன் குழாயே போதும்.

ஒருவர் லீவரை மெதுவாக மூன்று நாலு தரம் அடித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். லீவர் கைப்பிடி வரை போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை ஒரு தரம் தவறினாலும் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும், அதனால் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள்: "பிடி", "திறந்தாச்சு", "மூடியாச்சு", "விடு". மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பக்கத்துக் கலிப்பரில் தொடங்குங்கள், உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். ஐந்தாறு தரத்துக்கு ஒருமுறை தாங்கியைப் பார்த்து நிரப்புங்கள். தாங்கி ஒருமுறை வற்றினால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும், அரைமணி நேர வேலை அரைநாள் வேலையாவது அங்கேதான்.

குழாயில் குமிழி வருவது நின்றும் லீவர் துள்ளினால், காற்று மாஸ்டர் சிலிண்டரின் வாயில், ஹோஸ் பூட்டும் போல்ட்டடியில் நிற்கலாம். ஏடிவியில் ஹோஸ் ஹாண்டிலில் இருந்து கீழே இறங்கி, கிளை பிரிந்து, சில்லைத் தாங்கும் ஆம்களின் மேலால் ஏறி இறங்கிச் சில்லுக்குப் போகிறது. மேடான ஒவ்வொரு வளைவும் காற்றுக்கு ஒளிக்கும் இடம். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, கலிப்பரையும் ஹோஸையும் ஸ்குரூட்ரைவரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டு, லீவரை அரை அங்குலம் அரை அங்குலமாக அசையுங்கள். தாங்கிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி வரும், வரும் வரை பொறுமையாக இருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பெரிய சிரிஞ்சில் புது ஒயிலை நிரப்பி நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். காற்று தானாகப் போக விரும்பும் திசையும் அதுதான், எனக்கு மிகவும் பிடித்த முறையும் இதுதான். தாங்கி நிரம்பி வழியாமல் ஒருவர் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக லீவரைக் கைப்பிடியோடு இறப்பர் பட்டியால் கட்டி ஒரு இரவு விட்டுவிட்டுக் காலையில் அவிழ்த்துப் பாருங்கள், மிச்சம் இருந்த நுண்குமிழிகள் சேர்ந்து மேலே போயிருக்கும்.

நிப்பிளை இறுக்கும்போது பலம் காட்ட வேண்டாம். சுமார் 6 நியூட்டன் மீற்றர்தான் கேட்கும், மணிக்கட்டு இறுக்கம் போதும். வெளியே எடுத்த ஒயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்ப ஊற்றாதீர்கள்.

கேள்வி: என் வண்டியின் பிரேக் ஒயில் தாங்கி மூடியில், ஒயிலின் வகையாக டொட் 4 என்று இருக்கிறது. கடையில் டொட் 3 மட்டும்தான் இருந்தது. ஒரு நண்பர் டொட் 5 போடு, எண் கூடக் கூட நல்லது என்கிறார். எதைப் போடுவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை. நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்தக் கணக்கு 5-இல் உடைந்துவிடுகிறது. டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் கிளைக்கோல் இனம், ஒன்றோடொன்று கலக்கும். டொட் 5 மட்டும் சிலிக்கன், பெரும்பாலும் ஊதா நிறத்தில் வரும், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5-உம் 5.1-உம் பெயரில் கிட்ட, பொருளில் வேறு வேறு.

எண் எதைக் காட்டுகிறது என்றால் குறைந்தது எத்தனை பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பதை. புதிதாக இருக்கும்போது டொட் 3-க்கு 205 பாகை செல்சியஸ், டொட் 4-க்கு 230, டொட் 5.1-க்கு 260. கிளைக்கோல் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே மூன்றும் 140, 155, 180 ஆக இறங்கிவிடுகின்றன. எங்கள் ஊர்க் காற்றை நீங்களே அறிவீர்கள், மேசையில் வைத்த உப்பு இளகுகிற ஊர். தொடர்ந்து பிரேக் பிடித்து டிஸ்க் சூடேறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகும், ஆவி காற்றைப் போலவே அமுங்கும், காலையில் இறுக்கமாக இருந்த லீவர் மத்தியானச் சவாரியின் நடுவில் கைக்குள் வந்துவிடும். வண்டி ஆறியதும் மீண்டும் இறுகுவதால் யாரும் நம்ப மாட்டார்கள். யமஹா கையேடுகள் பிரேக் ஒயிலை 2 வருடத்துக்கு ஒருமுறையும் ஹோஸை 4 வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. கடற்கரையில் ஓடும் வண்டி என்றால் நான் ஒயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், போன வருடம் உடைத்துப் பாதி மிச்சம் வைத்த போத்தலை அதற்குப் பாவிப்பதில்லை.

வேறெந்த ஒயிலும் அவசரத்துக்குக் கூட வேண்டாம். நான் தொழில் பழகிய கராஜில் ஒரு நாள் பிரேக் ஒயில் முடிந்து, கொஞ்சம்தானே குறைகிறது என்று எஞ்சின் ஒயிலை விட்டார்கள். நான்தான் புனல் பிடித்தேன். அடுத்த நாள் உள்ளே இருந்த சீல்கள் எல்லாம் ஊறிப் பெருத்து, பிரேக் பிடித்தது விடாமல், சில்லு புகைந்து வந்தது. சிலிண்டர், கலிப்பர், ஹோஸ் எல்லாவற்றிலும் இறப்பர் என்று இருந்த அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வண்டிக்காரர் அன்றைக்குத் தன் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவர். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கேள்வி: காலையில் நன்றாக ஓடும். மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தள்ளினால் முன்சில்லு இரண்டும் இறுகி நிற்கிறது. பின்னேரம் தானாக விட்டுவிடுகிறது. பேய் பிடித்ததா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

பதில்: வெயில்தான் காரணம், வழியை அடைத்தது அழுக்கு. ஒயில் சூடானால் விரியும், விரிந்தது தாங்கிக்குத் திரும்ப மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி முனை அளவில் ஒரு துவாரம் இருக்கிறது. பழைய ஒயிலின் பிசின் அதை அடைத்துவிட்டால் விரிந்த ஒயில் போக இடமில்லாமல் பிஸ்டனைத் தள்ளும், நீங்கள் பிரேக்கைத் தொடாமலே பிரேக் பிடிக்கும். துவாரம் சுத்தமாக இருந்தும் லீவர் முழுதாகப் பின்னுக்கு வராவிட்டால் இதேதான் நடக்கும், ஹாண்டிலில் பிறகு பூட்டிய கைக்காப்பு லீவரில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். தாங்கியை வாய் வரை நிரப்பியிருந்தாலும் விரிவதற்கு இடம் இராது. மேல் கோட்டுக்கு மேலே ஒரு துளியும் வேண்டாம்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஒரு நிப்பிளை அரைக் கணம் திறந்து மூடுங்கள், கொஞ்சம் ஒயில் பீச்சி வந்து சில்லு விடுபடும். அது வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வர மட்டும். வீட்டில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, துவாரத்தை மெல்லிய நைலோன் நூலால் குத்திச் சுத்தம் செய்து, கப்பையும் மாற்றிவிடுங்கள். கம்பி போட்டுக் குத்தினால் துவாரத்தின் விளிம்பு கீறும், கீறிய விளிம்பு புது கப்பை வெட்டும். ஒரு சில்லு மட்டும் இறுகுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் அந்தப் பக்கத்துக் கலிப்பர் சறுக்கும் ஊசிகளைக் கழற்றிப் பாருங்கள். உப்பும் மணலும் சேர்ந்து இறுகியிருக்கும். துடைத்து சிலிக்கன் கிரீஸ் போட்டால் போதும், சாதாரண கிரீஸ் அங்குள்ள இறப்பரை ஊத வைக்கும்.

கேள்வி: வயலுக்குப் போகும் பழைய ஏடிவி. பின்னால் டிரம் பிரேக். சேற்றில் இறங்கி ஏறினால் பிரேக்கே இல்லை. இதற்கும் எயார் எடுக்க வேண்டுமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: உங்கள் பின்பிரேக் கேபிளில் வேலை செய்வது, அதில் எடுக்க எயார் இல்லை. டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கிறது. சேற்றை விட்டு ஏறியதும் மெதுவாக ஓடிக்கொண்டே பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் போகிறது என்றால் டிரம் மூடியின் சீல் போய்விட்டது, மாற்ற வேண்டும். கேபிளின் உறை வெடித்திருந்தால் அதற்குள்ளும் சேறு போய் இழுவை கனக்கும். பல வண்டிகளில் கேபிள் இழுக்கும் ஆமில் ஒரு அம்புக்குறி இருக்கும், பிரேக்கை அழுத்தும்போது அது அடையாளக் கோட்டைத் தொட்டால் டிரம்முக்குள் உராயும் ஷூ முடிந்துவிட்டது, கேபிளை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். திறந்து பார்க்கும்போது உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதவோ எயார் பிடிக்கவோ வேண்டாம், பழைய ஷூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். முன்னாலும் டிரம் இருக்கிற வண்டிகள் உண்டு, அது ஒயிலில் வேலை செய்யும் வகை என்றால் மட்டும் நிலாவெளி வாசகருக்குச் சொன்ன முறை அங்கே பொருந்தும்.

கேள்வி: நிப்பிளைத் திறக்கப் போய் தலை முறிந்துவிட்டது. கலிப்பர் குப்பைதானா?
– வாசகர், குச்சவெளி

பதில்: இன்னும் இல்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு இரவு விடுங்கள், கலிப்பரைக் கழற்றி சீல், பிஸ்டன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு நிப்பிளைச் சுற்றி இதமாகச் சூடாக்கி, லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து எடுப்பியுங்கள். பிரேக் கிளீனர் அடித்த கலிப்பர் நன்றாகக் காய முன் நெருப்புக் காட்ட வேண்டாம், சில வகைக் கிளீனர்கள் சூட்டில் நச்சுப் புகை விடும். அலுமினியக் கலிப்பருக்குள் இரும்பு நிப்பிள், மேலே உப்புக் காற்று, இது எங்கள் கரையில் நடக்கிறதுதான். தடுக்க ஒரே வேலை, அந்தச் சின்ன இறப்பர் மூடி. அது தொலைந்த வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு துண்டு இறப்பர் குழாயை முனை அடைத்துச் சொருகுங்கள்.

கேள்வி: நாங்கள் சின்ன விடுதி நடத்துகிறோம், விருந்தினருக்காக ஒரு ஏடிவி இருக்கிறது. வீட்டில் யாருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. கொடுக்கும் முன் நான் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, அலஸ்தோட்டம்

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியை எத்தனையோ வருடமாக எதிர்பார்த்திருக்கிறேன். காலையில் ஐந்து நிமிடம் போதும். லீவரைப் பிடியுங்கள், கைப்பிடிக்கு இன்னும் ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே இறுகி நிற்க வேண்டும், அப்படியே பத்து வரை எண்ணிப் பாருங்கள், இறங்கக் கூடாது. தாங்கியின் கண்ணாடியில் ஒயில் கீழ்க் கோட்டுக்கு மேலே, தேன் நிறத்துக்குக் கறுக்காமல் இருக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் உடனே நிரப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய ஒயில் இறங்கும், ஆகவே பேட்டைப் பாருங்கள், உராயும் பகுதி 1 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். பேட் தடிப்பாக இருந்தும் ஒயில் இறங்கினால் எங்கோ கசிவு, அன்றைக்கு வண்டி போகக் கூடாது. சில்லின் உட்பக்கம் நனைந்திருக்கிறதா, தரையில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு நீங்களே முற்றத்தில் மெதுவாக ஓட்டி முன்பிரேக்கைத் தனியாக ஒருமுறை, பின்பிரேக்கைத் தனியாக ஒருமுறை பிடியுங்கள். பார்க்கிங் பிரேக் எடுபட்டிருக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள், அதைப் பிடித்தபடியே விருந்தினர் ஓட்டிக்கொண்டு போய்த்தான் பல பேட்கள் கருகுகின்றன.

ஏடிவியின் ரிம் சின்னது, பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம்தான், அதனால் டிஸ்க்கும் கலிப்பரும் மோட்டார் சைக்கிளைவிட மணலுக்கும் தண்ணீருக்கும் கிட்ட இருக்கின்றன. பின்னேரம் வண்டி திரும்பி வந்ததும், சூடு ஆறிய பிறகு, நல்ல தண்ணீர்க் குழாயால் நாலு சில்லின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். அழுத்தக் குழாயைக் கலிப்பருக்கு நேரே பிடிக்க வேண்டாம். ஒரு கொப்பி போடுங்கள், ஒயில் மாற்றிய திகதி, பேட்டின் தடிப்பு, அன்று காலை பார்த்தவரின் கையெழுத்து. அந்தக் கொப்பியை வண்டிச் சாவி தொங்கும் அதே ஆணியில் தொங்கவிடுங்கள்.